அமாவாசைக்கு அமாவாசை பாஸ்வேர்டு

தண்ணீர் எப்படி என்று கேட்கவில்லை. கரண்டு எப்படி என்று கேட்கவில்லை. படியேறி வந்து ஹாலில் நின்றதும் நின்றதுமாக, "நெட் இருக்குங்களா?" என்றீர்கள் பாருங்கள், எனக்குப் பழசெல்லாம் ஞாபகம் வந்துவிட்டது. தப்பாக நினைக்காதீர்கள். உங்கள் மேல் கோபம் இல்லை. உட்காருங்கள். அந்த ஜன்னல் மேடையிலேயே உட்காரலாம், காலையில்தான் துடைத்தேன்.

நெட் இருக்கிறது. என் பெயரில் இருக்கிறது. மாடியில் குடி வருகிறவர்களுக்குச் சும்மாவே கொடுக்கிறேன். அதற்கென்று ஒரு பைசா வாங்கியதில்லை. ஆனால் உங்களுக்கு முன்னால் இங்கே மூன்று வருஷம் இருந்துவிட்டுப் போனானே, அவன் எனக்குச் செய்ததை நானே சொல்லிவிடுகிறேன். வெளியே கேட்டால் வேறு மாதிரி சொல்வார்கள். பக்கத்து வீட்டுக் குப்பண்ணன் கண்டிப்பாக வேறு மாதிரிதான் சொல்வான்.

நான் படிப்பு அதிகம் இல்லாதவன். ஐந்தாவதோடு சரி. இந்தக் கரூரில் பஸ் பாடி கட்டும் பட்டறையில் முப்பத்தாறு வருஷம் டிங்கர் வேலை. தகரம் வெட்டுவது, பேனல் அடிப்பது, ரிவிட் அடிப்பது. என் கை பட்ட பஸ் எத்தனை இன்னும் ரோட்டில் ஓடுகிறது தெரியுமா? பட்டறையை மூடினபோது ஆபீசில் இருந்த பழைய கம்ப்யூட்டரை முதலாளி என்னிடம் கொடுத்தார். "நாச்சிமுத்து, உனக்கு எதாச்சும் ஞாபகமா வேணுமில்ல" என்றார். ஹேமர் கேட்டேன். கம்ப்யூட்டர் கொடுத்தார்.

இந்த மாடிக்குத் தினகர் குடி வந்த பிறகுதான் அதற்கு உயிர் வந்தது. தஞ்சாவூர்ப் பக்கத்துப் பையன். முப்பது வயசு இருக்கும். பெண்டாட்டி பெயர் சிந்துஜா. வீட்டில் உட்கார்ந்தே கம்ப்யூட்டரில் வேலை. வந்த அன்றைக்கே, "ஐயா, நெட் கனெக்‌ஷன் ஒண்ணு போட்டுக்கறேன்" என்றான். நான் விடவில்லை. "என்ற ஊட்டுல இருக்கறவன் எதுக்கு வெளியாள்கிட்ட வாங்கணும்? நான் போடறேன், நீ எடுத்துக்கோ" என்றேன். பிள்ளை மாதிரி நினைத்துச் சொன்னேன். அதைக் குறித்துக்கொள்ளுங்கள். பிள்ளை மாதிரி.

லைன் வந்தது. மோடம் வந்தது. அவன்தான் எல்லாம் சொல்லிக்கொடுத்தான். "ஐயா, செக்யூரிட்டி முக்கியம். பாஸ்வேர்டை யாருக்கும் சொல்லாதீங்க, அப்பப்ப மாத்துங்க." அவன் வாயால் சொன்னது. நான் அதை எவ்வளவு மதித்தேன் என்றால், என் பெண்டாட்டிக்குக்கூடச் சொல்லவில்லை. அப்பப்ப என்றால் எப்போது? மனசுக்குத் தோன்றினபோது என்று வைத்தால் மறந்துபோகும். நான் அமாவாசை என்று வைத்துக்கொண்டேன். பட்டறையில் அமாவாசைக்கு அமாவாசை பூசணிக்காய் உடைப்போம். அந்த நாள் எனக்கு ரத்தத்தில் ஊறியது. பூசணிக்காய் சுற்றிப் போட்டுவிட்டு, கையைக் கழுவி, விபூதி வைத்து, பாஸ்வேர்டை மாற்றுவேன். மூன்று வருஷத்தில் ஒரு அமாவாசை தப்பியதில்லை.

மாற்றின பத்தாவது நிமிஷம் தினகர் படியில் தடதடவென்று இறங்கி வருவான். துண்டுச் சீட்டும் பேனாவும் கையில் இருக்கும். "ஐயா, புதுசு என்னங்க?" நான் ஒவ்வொரு எழுத்தாகச் சொல்வேன். அவன் எழுதிக்கொள்வான். அந்த நேரம் எனக்கு எப்படி இருக்கும் என்று சொல்லத் தெரியவில்லை. எனக்கும் ஒருத்தனுக்குச் சொல்லிக்கொடுக்க ஏதோ இருக்கிறது என்று இருக்கும்.

மோடத்தை எங்கே வைப்பது என்று ஒரு கேள்வி வந்தது. செக்யூரிட்டி என்று சொன்னான் அல்லவா? ஹால் அலமாரியில் வைத்தால் வருகிறவன் போகிறவன் கை வைப்பான். நான் ஸ்டீல் பீரோவில் வைத்துப் பூட்டினேன். ஒயர் நுழையப் பின்பக்கத் தகரத்தில் ஓட்டை போட்டு, கையை அறுக்காமல் விளிம்பை மடித்துவிட்டேன். டிங்கர் வேலை என்றால் அப்படி இருக்க வேண்டும். வேண்டுமானால் கீழே வந்து பாருங்கள்.

சிரிக்கிறீர்களா? இல்லையா? சரி.

சிக்னல் வரவில்லை என்று சொன்னான். இரும்புக்குள் வைத்தால் வராதாம். "அப்படியா, ஆபீஸ் நேரத்துல பீரோக் கதவ நாலு விரக்கடை தொறந்து வைக்கறேன்" என்றேன். வைத்தேன். சொன்ன சொல்லைக் காப்பாற்றினேன். மத்தியானம் ரெண்டு முதல் நாலு வரை மட்டும் அணைத்துவிடுவேன். சூடாகிறதே! பட்டறையில் வெல்டிங் மெஷினுக்கே ஓய்வு உண்டு. இடி இடித்தால் அணைப்பேன். வெளியே போனால் அணைத்துவிட்டுத்தான் போவேன். ஆள் இல்லாத வீட்டில் அதை ஓடவிட்டுப் போனால் எவன் உள்ளே வருவான் என்று யாருக்குத் தெரியும்? இதெல்லாம் அவன் நன்மைக்கும் சேர்த்துத்தான். ஒரு நாள்கூட அவன் மூஞ்சியைத் தூக்கினதில்லை. "பரவால்லீங்க ஐயா" என்பான். பரவாயில்லை என்றால் பரவாயில்லை என்றுதானே அர்த்தம்?

சாயங்காலம் ஆறு மணிக்குக் கீழே வருவான். பழைய பஸ்களைப் படம் எடுத்து நெட்டில் போடுகிறவர்கள் இருக்கிறார்கள், தெரியுமா? எந்த ஊர் பஸ் ஸ்டாண்டில் எந்த பஸ் நிற்கிறது, எப்படி ஓடுகிறது என்று ஒரு கூட்டம் எடுத்துப் போடுகிறது. அவன்தான் தேடிக் காட்டினான். ரெண்டு பேரும் உட்கார்ந்து பார்ப்போம். "நிறுத்து, நிறுத்து. அந்தப் பின் கார்னர் என்ற கை பட்டது" என்பேன். "எப்படிங்க ஐயா கண்டுபிடிக்கறீங்க?" என்பான். ரிவிட் அடிக்கும் இடைவெளியிலேயே ஆளைச் சொல்லிவிடலாம் என்பேன். எனக்கு வேறு யாரிடமும் இதைப் பேச முடியாது. தங்காயிக்கு, அதுதான் என் வீட்டுக்காரி, அவளுக்கு எல்லா பஸ்ஸும் ஒன்றுதான்.

கம்ப்யூட்டரிலும் அவனுக்கு நான் இடம் கொடுத்தேன். ரிப்பேர்க் கடைக்காரன் போட்டுக்கொடுத்திருந்த சாஃப்ட்வேரைத் திருட்டுச் சரக்கு என்று சொல்லி எடுத்துவிட்டு, பென்குயின் படம் போட்ட ஒன்றைப் போட்டான். இலவசமாம். உலகத்தில் யார் யாரோ சேர்ந்து எழுதி எல்லாருக்கும் சும்மா கொடுக்கிறார்களாம். எனக்கு நம்பிக்கை வரவில்லை. சும்மா கொடுக்கிறவனுக்கு மனசில் என்னமோ இருக்கும். மறுபடி பழையதையே போடச் சொன்னேன். போட்டான். வைரஸுக்கு மருந்து ஒன்று போதும் என்றான், நான் மூன்று போடச் சொன்னேன். மூன்றும் போட்டான். அப்புறம் ஒரு படம் திறப்பதற்குள் ஒரு டீ குடித்துவிட்டு வரலாம். இருந்தால் என்ன, பத்திரமாக இருந்தது.

நான் சொன்னதற்கு அவன் ஒரு தடவைகூட மாட்டேன் என்று சொன்னதில்லை. அதனால்தான் நம்பினேன்.

தங்காயி, காபி கொண்டு வந்தாயா? அங்கே வை. நின்று கேட்க என்ன இருக்கிறது? நடந்தது உனக்குத் தெரியாததா?

ஆடி அமாவாசை வந்தது. அன்றைக்கு அவன் அப்பாவுக்குத் திதி கொடுக்கக் கொடுமுடிக்குப் போயிருந்தான். நான் வழக்கம்போலப் பூசணிக்காய் உடைத்தேன், பாஸ்வேர்டை மாற்றினேன். சாயங்காலம் அவன் வந்து தலைக்கு ஊற்றிக்கொண்டான். ஆறு மணிக்குக் கீழே வந்தான். பஸ் படம் பார்த்தோம். போய்விட்டான்.

புதுசு என்னங்க என்று கேட்கவில்லை.

அசதியாக இருக்கும், காலையில் ஆபீஸ் ஆரம்பித்ததும் வருவான் என்று பார்த்தேன். வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. மேலே அவன் ஆபீஸ் ஆட்களோடு இங்கிலீஷில் பேசுவது படி வரைக்கும் கேட்கிறது. பழைய பாஸ்வேர்டு ஓடாது. புது பாஸ்வேர்டு என் தலைக்குள் மட்டும்தான் இருக்கிறது. அப்படியானால் எதில் பேசுகிறான்?

நான் ஒன்றும் கேட்கவில்லை. மோடத்தையே அணைத்துவிட்டேன். பீரோவையும் பூட்டிவிட்டேன். சாயங்காலம் வந்தான். "கண்ணு வலிக்குது, இன்னைக்குப் படம் வேண்டாம்" என்றேன். சும்மா பேசிக்கொண்டிருந்துவிட்டு, எழுந்து போகும்போது கேட்டேன், "நெட் எப்படிப்பா இருக்குது?"

"நல்லா இருக்குதுங்க ஐயா. நீங்க பீரோவத் தொறந்து வெச்சதுல இருந்து சூப்பரா வருது."

நாலு நாள் அணைத்து வைத்திருந்தேன். நாலு நாளும் கேட்டேன். நாலு நாளும் சூப்பர் என்றான். கண்ணைப் பார்த்துச் சொன்னான்.

ஐந்தாம் நாள் தண்ணீர்த் தொட்டி பார்க்கிற சாக்கில் மொட்டை மாடிக்குப் போனேன். கறுப்பாக ஒரு ஒயர். எங்கிருந்து வருகிறது என்று பார்த்தேன். வலது பக்கத்திலிருந்து வருகிறது. குப்பண்ணன் வீட்டுக் கைப்பிடிச் சுவரில் கிளிப் அடித்து, அவன் முருங்கை மரத்தில் ஒரு சுற்று சுற்றி, இந்த அடுப்படி ஜன்னல் வழியாக உள்ளே போகிறது.

குப்பண்ணனை உங்களுக்குத் தெரியாது. பத்தொன்பது வருஷமாக எனக்கும் அவனுக்கும் பேச்சு இல்லை. சன்ஷேடை முக்கால் அடி என் பக்கம் நீட்டிக் கட்டினான். மழை பெய்தால் அவன் வீட்டுத் தண்ணீர் முழுக்க என் சுவரில்தான். கேட்டதற்கு, "மழை கடவுள் குடுக்கறது, அதுக்கு நான் என்ன பண்றது" என்றான். அந்த ஆள் வீட்டுச் சுவர் வழியாக என் வீட்டுக்குள் நெட் வந்திருக்கிறது. எனக்குத் தெரியாமல். மோட்டார் ஒயரை இழுத்திருந்தால்கூட எனக்கு இப்படி வலித்திருக்காது.

கீழே இறங்கி வந்தேன். தங்காயி முற்றத்தில் உட்கார்ந்து போனில் அவள் தங்கச்சியோடு பேசுகிறாள். மூஞ்சி தெரிகிற பேச்சு. எனக்கு அப்போதுதான் உறைத்தது. மோடம் அணைந்து கிடக்கிறது, இவளுக்குப் பாஸ்வேர்டே நான் சொன்னதில்லை.

"உனக்கு எப்படிடி ஓடுது?"

போனைக் கவிழ்த்து வைத்தாள். "மேல இருக்கறதுதானுங்க" என்றாள்.

"எத்தன நாளா?"

"தையில இருந்துங்க. நீங்க பழனிக்குக் காதுகுத்துக்குப் போயிருந்தீங்கல்ல, அப்பப் போட்டாங்க. எங்கிட்டக் கேட்டுட்டுத்தான் போட்டாங்க. முன்னாடிப் பக்கமா வந்தா நீங்க பார்ப்பீங்கன்னு நாந்தான் குப்பண்ணன் சம்சாரத்துகிட்டச் சொன்னேன்."

"அவகிட்ட நீ பேசறயா?"

"பேசாம? பத்தொம்பது வருசமா பேசிட்டுத்தானுங்க இருக்கறேன்."

"பாஸ்வேர்டு?"

"அந்தப் புது லைன் போட்ட அன்னைக்கே அந்தத் தம்பி போனை வாங்கிப் போட்டுக் குடுத்துருச்சு. நான் கேக்கக்கூட இல்லீங்க."

இதோ நிற்கிறாளே, அவளையே கேளுங்கள். ஒரு எழுத்து கூட்டிச் சொல்லவில்லை.

தையிலிருந்து ஆனி வரைக்கும் அமாவாசைக்கு அமாவாசை வந்தான் ஐயா. அவன் வீட்டில் தனி நெட் ஓடிக்கொண்டிருக்கிறது, ஆனால் சீட்டும் பேனாவும் எடுத்துக்கொண்டு இறங்கி வருவான். "ஐயா, புதுசு என்னங்க?" நான் சொல்வேன். அவன் எழுதுவான். ஒரு மாதம் ஏதோ எழுத்து சரியாகக் கேட்கவில்லை என்று இரண்டாம் முறை கேட்டு, அடித்துத் திருத்தி எழுதினான். எதற்கு? ஓடாத பஸ்ஸுக்கு டிக்கெட் எழுதுகிற மாதிரி எதற்கு எழுதினான்? என்னை எவ்வளவு பெரிய முட்டாள் என்று நினைத்திருந்தால் அப்படி வந்து நின்றிருப்பான்? மற்றதை எல்லாம் மறந்துவிடுவேன். அந்தச் சீட்டை என்னால் மறக்க முடியவில்லை.

நான் என்ன செய்தேன் என்று கேட்பீர்கள். பெட்டியில் என் தகரக் கத்தரி இருந்தது. மேலே போனேன். வெட்டினேன். அவ்வளவுதான். அவன் அந்த நேரம் ஏதோ பெரிய மீட்டிங்கில் இருந்தானாம். அவன் மேலதிகாரிக்கு மேலதிகாரி பேசிக்கொண்டிருந்தாராம். அது எனக்கு எப்படித் தெரியும்? கதவில் எழுதி ஒட்டியா வைத்திருந்தான்?

வெளியே ஓடி வந்தான். கையில் கத்தரியோடு என்னைப் பார்த்தான். கத்துவான் என்று பார்த்தேன். கத்தியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். "மன்னிச்சுக்குங்க ஐயா" என்றான். "நடுவுல நடுவுல கட் ஆகி, வேலையே போயிடும்னு சொல்லிட்டாங்க. உங்ககிட்டச் சொன்னா உங்க மனசு கஷ்டப்படும்னுதான்..."

"என்ற மனசப் பத்தி உனக்கு என்னடா கவலை?" என்றேன். "ஒரு வார்த்தை, என்ற மூஞ்சிக்கு நேரா, உங்க நெட்டு சரியில்லைன்னு சொல்லியிருக்கலாமில்ல?"

சிந்துஜா கதவோரம் நின்றிருந்தாள். அவள் பேசவே மாட்டாள். அன்றைக்குப் பேசினாள். "ரெண்டு தடவ சொன்னாருங்க. மொத தடவ நீங்க மூணு நாளு சாப்பிடலைன்னு கீழ இருந்து அம்மா வந்து அழுதாங்க. ரெண்டாந்தடவ மோடத்துக்குச் சாம்பிராணி போட்டீங்க."

போட்டேன். கண் பட்டிருக்கும் என்று போட்டேன். அது ஒரு குற்றமா?

நான் அவர்களைக் காலி பண்ணச் சொல்லவில்லை. இதையும் குறித்துக்கொள்ளுங்கள், வெளியே வேறு மாதிரி சொல்கிறார்கள். "இந்த வீட்டுல ஒரு நெட்டுதான் இருக்கும்" என்று மட்டும் சொன்னேன். பதினைந்து நாளில் அவர்களாகத்தான் போனார்கள். போகிற அன்றைக்கு வந்து காலில் விழுந்தான். நான் காலை இழுத்துக்கொண்டேன்.

எங்கே போனான் தெரியுமா? அதோ, அந்த ஜன்னல் வழியாகப் பாருங்கள். முருங்கை மரத்துக்கு அந்தப் பக்கம் கொடியில் நீலச் சட்டை காய்கிறதே, அது அவனுடையது. குப்பண்ணன் வீட்டு மாடி. கரூர் முழுக்க வீடு இருக்கும்போது, அங்கே. வேலைக்கு ஒரு நாள்கூட லீவு போட முடியாதாம், உடனே லைன் கிடைக்கிற வீடு அது ஒன்றுதானாம். தங்காயி சொல்கிறாள். அவளுக்கு எல்லாம் தெரியும். சாயங்காலம் ஆறு மணிக்கு அவள் முற்றத்தில் அந்தச் சுவரோரமாகத்தான் நாற்காலி போட்டுக்கொள்கிறாள். அங்கே சிக்னல் நன்றாக எடுக்கிறதாம்.

நான் இப்போதும் அமாவாசைக்கு மாற்றுகிறேன். போன அமாவாசைக்கும் மாற்றினேன். மாற்றிவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். பழக்கம். வேறொன்றும் இல்லை.

பஸ் படம் பார்ப்பதை விட்டுவிட்டேன். தனியாகத் தேடத் தெரியவில்லை.

சரி, என் கதையை விடுங்கள். உங்களைப் பார்த்தால் நல்ல மாதிரியாகத் தெரிகிறது. இதுவரைக்கும் ஆறு பேர் வந்து பார்த்தார்கள். காற்று நன்றாக இருக்கிறது, வெளிச்சம் நன்றாக இருக்கிறது என்றார்கள். ஆறு பேரும், "ஊட்டுல கலந்துட்டுச் சொல்றமுங்க" என்று போனார்கள். ஒருத்தர் திரும்பவில்லை. போன் போட்டால் எடுப்பதில்லை. பிடிக்கவில்லை என்றால் பிடிக்கவில்லை என்று சொல்ல என்ன கேடு? நான் என்ன கடித்துவிடுவேனா? நீங்களாவது சொல்லுங்கள். கலந்துவிட்டுச் சொல்கிறேன் என்று மட்டும் சொல்லாதீர்கள். மனசில் இருக்கிறதை, இங்கேயே, என் மூஞ்சிக்கு நேராகச் சொல்லுங்கள். எனக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

தங்காயி, நீ ஏன் அவருக்குக் கண்ணைக் காட்டுகிறாய்? சும்மா இரு. அவர் சொல்லட்டும். சொல்லுங்கள், நான் கோபப்பட மாட்டேன்.

ம்.

வீடு பிடித்திருக்கிறது. ம். அட்வான்ஸ்கூட இன்றைக்கே தருகிறீர்கள். சரி. 'ஆனா' என்ன? சொல்லுங்கள்.

சொந்தமாக ஒரு லைன். என் கண் முன்னாலேயே, முன்பக்கமாக. உங்களுக்கும் வீட்டிலிருந்தேதான் வேலை. என்னுடையது வேண்டாம்.

என்னுடையது வேண்டாம்.

இல்லை, இல்லை, எழுந்திருக்காதீர்கள். காபியைக் குடியுங்கள். நீங்கள் கேட்டது நியாயம். ஒளிவு மறைவு இல்லை. இதைத்தான் நான் அவனிடமும் கேட்டேன். இப்படி ஒரு வார்த்தை நேராக வந்து கேட்டிருந்தால், நான் அவனுக்குக் கொடுத்திருக்க மாட்டேனா?

எதற்குடி சிரிக்கிறாய்?

சரி, கொடுத்திருக்க மாட்டேன். அதற்கென்ன இப்போது? கேட்டிருக்க வேண்டுமா இல்லையா? கேட்பது மரியாதை. கொடுப்பதும் கொடுக்காததும் என் இஷ்டம்.

இல்லைங்க. தர முடியாது. உங்கள் மேல் எனக்கு மரியாதைதான் வந்திருக்கிறது, சத்தியமாகச் சொல்கிறேன். நேர்மையான மனிதர் நீங்கள். ஆனால் வீடு தர முடியாது. தங்காயி, டம்ளரை வாங்கிக்கொள். குடித்தது போதும் என்கிறார்.

படி செங்குத்தாக இருக்கும், பார்த்து இறங்குங்கள். கேட்டைத் தாண்டினதும் இடது பக்கமாகப் போங்கள். பஸ் ஸ்டாப் அந்தப் பக்கம்தான். குப்பண்ணன் வீட்டில் கீழ்ப் போர்ஷனும் காலி என்று யாராவது சொல்வார்கள். நீங்கள் அப்படிப்பட்டவர் இல்லை என்று எனக்குத் தெரியும்.

இடது பக்கம். வலது பக்கம் பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை.